காசியோப்பே ஹிப்னாய்டிசா, ஹாரிமனெல்லா ஹிப்னாய்டிசா?

கீழக்கரையில் முதுகலைத் தாவரவியல் பயிலும் மாணவி ஒருவர் கேட்டிருக்கும் கேள்வி இது. வடதுருவத்தை ஒட்டிய ஸ்வால்பார்ட் தீவுகளின் செடிகளைப் பற்றிய நூல் ஒன்றில் காசியோப்பே ஹிப்னாய்டிஸ் என்று படத்துடன் இருந்த செடி, இன்னொரு நூலில் ஹாரிமனெல்லா ஹிப்னாய்டிஸ் என்றும், பழைய பட்டியல் ஒன்றில் ஆண்ட்ரோமெடா ஹிப்னாய்டிஸ் என்றும் வருகிறது. மூன்றும் ஒரே செடிதானா, அவற்றுள் எது சரியான பெயர், ஒரு சிறு செடிக்கு எதற்காக இத்தனை பெயர்கள் என்று அவர் கேட்கிறார்.

மூன்றும் ஒரே செடிதான். இன்று பெரும்பாலான வகைப்பாட்டாளர்கள் ஏற்றுக்கொள்வது ஹாரிமனெல்லா ஹிப்னாய்டிஸ் என்ற பெயரை. தேர்வுக்கு இந்த இரண்டு வரிகள் போதும். ஆனால் அந்தப் பெயர்கள் ஒவ்வொன்றும் இந்தச் செடி யாருக்கு உறவு என்பதைப் பற்றி அந்தந்தக் காலத்தில் சொல்லப்பட்ட ஒரு கருத்து. அந்தக் கருத்து ஏன் மாறியது என்பதை விளங்கிக்கொண்டால்தான் பெயர் மாற்றம் வெறும் தொல்லையாகத் தோன்றாது. எனவே முதலிலிருந்து சொல்கிறேன்.

சுவீடன் நாட்டின் கார்ல் லின்னேயஸ் 1732ஆம் ஆண்டு, தம் இருபத்தைந்தாம் வயதில், லாப்லாந்து என்னும் வடபகுதிக்குப் பயணம் செய்தார். அங்கே சதுப்பு நிலத்தில், நீர் சூழ்ந்த சிறு மேடுகளில், இளஞ்சிவப்பு நிறக் குட்டிக் குடங்களைப் போன்ற பூக்கள் தலைகவிழ்ந்து தொங்கும் ஒரு புதர்ச்செடியைக் கண்டார். கிரேக்கப் புராணத்தில் கடலரக்கனுக்குப் பலியாகப் பாறையில் சங்கிலியால் கட்டப்பட்ட ஆண்ட்ரோமெடா என்ற இளவரசி அவருக்கு நினைவுக்கு வந்தாள். தவளைகளும் தேரைகளும் சூழ்ந்த நீரில் காலூன்றி நிற்கும் அந்தச் செடியையும் பாறையில் கட்டுண்ட பெண்ணையும் அருகருகே தம் பயணக் குறிப்பேட்டில் வரைந்து வைத்தார். அந்த நினைவே பேரினத்தின், அதாவது நெருங்கிய உறவுடைய சிற்றினங்களின் தொகுப்பின், பெயரானது. 1737இல் வெளிவந்த லாப்லாந்துத் தாவர நூலிலும், பின்னர் தாவரப் பெயரிடலுக்கே தொடக்கப் புள்ளியாக ஏற்கப்பட்ட 1753ஆம் ஆண்டு நூலான ஸ்பீஷீஸ் பிளாண்டாரத்திலும் ஆண்ட்ரோமெடா இடம்பெற்றது.

லின்னேயஸ் செடிகளைப் பிரித்த முறை முதன்மையாக மகரந்தத்தாள்களையும் சூலகத் தண்டுகளையும் எண்ணுவது. பத்து மகரந்தத்தாள், ஒரு சூலகத் தண்டு என்ற வகுப்பில், அல்லிகள் இணைந்து குடமாகவோ மணியாகவோ இருந்த பல செடிகளை அவர் ஆண்ட்ரோமெடாவுக்குள் கொண்டுவந்தார். சதுப்பில் கண்ட செடி ஆண்ட்ரோமெடா போலிஃபோலியா; மலைமுகட்டில் கண்ட நான்முகத் தண்டுடைய செடி ஆண்ட்ரோமெடா டெட்ராகோனா; பாசியைப் போல் தரையில் படரும் செடி ஆண்ட்ரோமெடா ஹிப்னாய்டிஸ்; ஊதாப் பூ உடையது ஆண்ட்ரோமெடா செருலியா. வட அமெரிக்காவில் மரமாகவே உயரும் ஒன்றும் ஆண்ட்ரோமெடா ஆர்போரியா என்ற பெயரில் அதே பேரினத்தில் இடம்பெற்றது. எண்ணிக்கையால் ஒன்றுபட்டவை உறவாலும் ஒன்றுபட்டவை என்று கொள்ள முடியாது. தம் முறை செயற்கையானது என்பதை லின்னேயஸ் நன்கு அறிந்திருந்தார். அடையாளம் காண்பதற்கு எளிய வழியாகவே அதை அமைத்தார். ஆகவே அவர் தவறிவிட்டார் என்று இதைச் சொல்வது நியாயமாகாது. அவரிடம் இருந்த உலர்ந்த மாதிரிகளையும் அவர் காலத்து உருப்பெருக்கிகளையும் கொண்டு பார்த்தால், அந்தத் தொகுப்பு பயன்மிக்க ஒன்றாகவே இருந்தது.

பிறகு வந்தவர்கள் அந்தப் பெரிய தொகுப்பை ஒவ்வொரு பகுதியாகப் பிரித்தெடுத்தார்கள். ஊதாப் பூச் செடி ஃபில்லோடோசே என்ற பேரினத்துக்குப் போனது. அதன் வெடிகனி சூலறைகளுக்கு இடைப்பட்ட சுவர்களின் வழியே பிளக்கிறது. ஆண்ட்ரோமெடாவின் கனியோ சூலறைகளின் நடுமுதுகில் பிளக்கிறது. மரமாக வளர்ந்தது ஆக்சிடெண்ட்ரம் ஆனது. இவற்றை விரைவாகக் கடந்து, நம் கேள்விக்கு உரிய 1834ஆம் ஆண்டுக்கு வருவோம். அந்த ஆண்டில் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த டேவிட் டான், இந்தச் செடிகளெல்லாம் அடங்கிய எரிக்கேசி என்னும் தாவரக் குடும்பத்தையே புதிதாக ஒழுங்குபடுத்த முயன்று ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஆண்ட்ரோமெடாவிலிருந்து பியரிஸ், லியூகோதோ, ஜெனோபியா ஆகிய பேரினங்களுடன் காசியோப்பேயையும் தனியே பிரித்தார். புராணத்தில் காசியோப்பே ஆண்ட்ரோமெடாவின் தாய். லின்னேயஸ் தொடங்கிய புராணப் பெயர் வரிசையை டான் விடாமல் தொடர்ந்தார் என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

டெட்ராகோனாவும் ஹிப்னாய்டிசும் இரண்டும் டானின் காசியோப்பேக்குள் வந்தன. ஊசியையோ செதிலையோ போன்ற மிகச் சிறிய இலைகள், என்றும் பசுமை, சாண் உயரத்துக்கு மேல் போகாத புதர், மெல்லிய காம்பில் தனித்தனியே தொங்கும் வெள்ளை மணிப்பூ ஆகிய இவ்வளவும் பொதுவாக இருக்கும்போது இரண்டையும் ஒன்றாக வைப்பதே இயல்பு என்று அன்று எவருக்கும் தோன்றியிருக்கும். அந்தப் பேரினத்துச் சிற்றினங்களின் பெயர்களையே கவனியுங்கள். ஹிப்னாய்டிஸ் என்றால் ஹிப்னம் என்ற பாசியை ஒத்தது. லைக்கோபோடியாய்டிஸ் என்றால் பெரணிகளைப் போல் பூக்காத லைக்கோபோடியம் என்ற செடியை ஒத்தது. செலாஜினாய்டிஸ் என்பதும் அவ்வாறே ஒரு பழைய பெரணியினச் செடியின் சாயலைக் குறிப்பது. எரிக்காய்டிஸ் என்றால் எரிக்கேசி குடும்பத்துக்கே பெயர் தந்த எரிக்கா என்ற செடியை ஒத்தது. பெயரிட்டவர்கள் எல்லாரும் சாயலைக் கண்டே பெயரிட்டார்கள். பூக்காத நிலையில் இவற்றைப் பாசி என்றோ பெரணி இனம் என்றோ எண்ணிக் கடந்து போகக் கூடிய அளவுக்கு அந்தச் சாயல் வலுவானது.

சாயல் எங்கிருந்து வந்தது என்பதே இந்த விடையின் நடுநாயகமான விஷயம். ஆர்க்டிக் தூந்திராவில் ஒரு புதர்ச்செடிக்கு எதிரி குளிர் மட்டுமன்று, வறட்சியும் காற்றும்கூட. நிலம் உறைந்திருக்கும்போது வேர் நீரை எடுக்க முடியாது. அந்த நேரத்தில் காற்று இலையிலிருந்து நீரைப் பறித்துக்கொண்டே இருக்கும். இலை சிறுத்து, தடித்து, தண்டோடு ஒட்டி நெருங்கினால் நீரிழப்பு குறைகிறது. நெருக்கத்தின் இடையே சற்று வெப்பமான காற்றும் தங்குகிறது. உயரம் குறைந்தால் குளிர்காலத்தில் பனிப்போர்வைக்குள் ஒடுங்கிவிடலாம். கோடைகாலம் மிகக் குறுகியதாகையால் ஆண்டுதோறும் இலைகளைப் புதிதாக உருவாக்குவது பெருஞ்செலவு. எனவே பழைய இலைகளைப் பல ஆண்டுகள் வைத்துக்கொள்வது இலாபம். இந்தக் கட்டாயங்கள் எல்லாம் எந்தக் குலத்தில் பிறந்த செடிக்கும் ஒன்றுதான். ஆகவே வெவ்வேறு மூதாதையரிடமிருந்து வந்த செடிகளும் அங்கே ஒரே உருவத்தை நோக்கி நகர்கின்றன.

இதைக் காண வடதுருவம் வரை போகத் தேவையில்லை. உங்கள் கடற்கரையிலேயே தெளிவான சான்று இருக்கிறது. வாடைக் காற்று அடித்து ஓய்ந்த பின் தேவிபட்டினத்திலும் தொண்டியிலும் கரையொதுங்கும் கடற்புல்லைக் கொஞ்சம் அள்ளிப் பிரித்துப் பாருங்கள். அதில் தலாசியா ஹெம்பிரிச்சியும் சைமோடோசியா சிற்றினங்களும் கலந்திருக்கலாம். இரண்டுக்கும் நாடாவைப் போன்ற இலை, மண்ணுள் ஓடும் கிடைத்தண்டு, கணுக்களில் வேர். புதிதாகப் பார்ப்பவர் ஒரே செடி என்றே சொல்வார். ஆனால் தலாசியா ஹைட்ரோகாரிட்டேசி குடும்பத்தைச் சேர்ந்தது. சைமோடோசியா சைமோடோசியேசி குடும்பம். ஒவ்வொன்றின் முன்னோரும் தனித்தனியே கடலுக்குள் இறங்கியவை. அலையின் இழுப்புக்கு வளைந்துகொடுக்கும் நாடா இலையைக் கடலே இரண்டுக்கும் வடித்துக் கொடுத்தது. பூவுக்கு வந்தால் வேறுபாடு உடனே தெரியும்: தலாசியாவின் பூவில் மூன்று பூவிதழ்கள் உண்டு, அதன் மகரந்தத் துகள்கள் உருண்டையாகச் சரம் சரமாகக் கோக்கப்பட்டிருக்கும், சைமோடோசியாவின் பூவில் இதழே கிடையாது, அதன் மகரந்தம் நூலிழையாக நீண்டது. இலை வாழுமிடத்தைச் சொல்கிறது, பூவும் அது அமரும் இடமும் குலத்தைச் சொல்கின்றன. இது எல்லா இடத்திலும் பிசகாத விதி அன்று. பூக்களும் வண்டுக்கும் காற்றுக்கும் ஏற்ப மாறக்கூடியவைதாம். எனினும் இலையின் வடிவை நம்புவதைவிடப் பூ எங்கிருந்து கிளைக்கிறது என்பதை நம்புவது பெரும்பாலும் நன்மை தரும்.

ஃபிரெடரிக் கோவில் (Coville) என்ற அமெரிக்கத் தாவரவியலாளர் செய்தது அதைத்தான். இரயில்வே முதலாளி எட்வர்ட் ஹாரிமன் 1899இல் தம் செலவில் அலாஸ்கா கடற்கரைக்கு ஓர் ஆய்வுப் பயணம் ஏற்பாடு செய்தார். அதில் சென்ற தாவரவியலாளர்களில் கோவில் ஒருவர். ஆண்ட்ரோமெடா ஸ்டெல்லேரியானா என்று முன்னர் இயற்கையியலாளர் பல்லாஸ் பெயரிட்ட ஒரு செடியை அவர் அங்கு நுணுகிப் பார்த்தார். பெரிங்கின் கப்பலில் 1741இல் அலாஸ்கா வந்த இயற்கையியலாளர் ஸ்டெல்லரின் நினைவைத் தாங்கிய பெயர் அது. காசியோப்பே டெட்ராகோனாவில் இலைகள் எதிரெதிராக, அடுத்தடுத்த இணைகள் குறுக்கும் மறுக்குமாக அமைவதால் தண்டைச் சுற்றி நான்கு நேர்வரிசைகள் உண்டாகின்றன. டெட்ராகோனா, அதாவது நாற்கோணம் என்ற பெயருக்கு அதுவே காரணம். பூக்காம்பு தண்டின் பக்கவாட்டில், இலைக்கோணத்திலிருந்து, அடியில் சிறு செதில்களோடு எழுகிறது. ஸ்டெல்லேரியானாவிலோ இலைகள் ஒன்றுவிட்டு ஒன்றாகச் சுழன்று தண்டிலிருந்து விலகி நிற்கின்றன. பூ கிளையின் நுனியில் ஒற்றையாக இருக்கிறது. ஹிப்னாய்டிசும் இந்த எல்லாவற்றிலும் ஸ்டெல்லேரியானாவின் பக்கமே நின்றது. கோவில் 1901இல் இவ்விரண்டையும் சேர்த்து ஹாரிமனெல்லா என்ற புதுப் பேரினத்தை அமைத்தார். நிதியளித்தவரின் பெயரைச் செடிக்கு வைப்பதை விரும்பாதவர்கள் உண்டு. எனக்கும் அதில் பெருவிருப்பமில்லை. ஆனால் பெயரின் பொருத்தத்தை விதிகள் கேட்பதில்லை, முறைப்படி வெளியிடப்பட்டதா என்பதையே கேட்கின்றன.

கோவிலின் பிரிவை எல்லாரும் உடனே ஏற்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் வடநாட்டுத் தாவர நூல்கள் பல காசியோப்பே ஹிப்னாய்டிஸ் என்றே எழுதி வந்தன. நீங்கள் பார்த்த முதல் நூல் அந்த மரபைச் சேர்ந்ததாக இருக்கலாம். 1970இல் தாவரவியலாளர் பீட்டர் ஸ்டீவன்ஸ் காசியோப்பே, ஹாரிமனெல்லா, அதே குடும்பத்தின் கல்லூனா ஆகிய மூன்று பேரினங்களின் உறவைத் தனியே ஆராய்ந்தார். அதன் பிறகு ஹாரிமனெல்லாவைத் தனிப் பேரினமாக வைப்பதற்கு வலு கூடியது. 2002இல் கேத்லீன் க்ரானும் உடன் ஆய்வாளர்களும் எரிக்கேசி குடும்பம் முழுமைக்கும் புதிய வகைப்பாட்டை வெளியிட்டார்கள். பசுங்கணிக மரபணுக்களான ஆர்பிசிஎல், மேட்கே ஆகியவற்றோடு உட்கருவின் 18எஸ் வரிசையையும் புறத்தோற்றப் பண்புகளையும் அவர்கள் இணைத்துப் பார்த்தார்கள். அதில் காசியோப்பே காசியோப்பாய்டே என்ற தனித் துணைக்குடும்பமாகவும், ஹாரிமனெல்லா ஹாரிமனெல்லாய்டே என்ற தனித் துணைக்குடும்பமாகவும் நின்றன. அந்த வகைப்பாட்டின்படி லின்னேயசின் பழைய ஆண்ட்ரோமெடா போலிஃபோலியா இவ்விரண்டையும் விட்டுத் தள்ளி, வாக்சினியாய்டே துணைக்குடும்பத்தில் இருக்கிறது. துணைக்குடும்பங்கள் எந்தக் கணுவில் கிளைக்கின்றன என்பது ஆய்வுக்கு ஆய்வு சற்று நகரலாம். ஆனால் ஒரே பேரினத்தில் அடைக்கப்பட்ட மூன்று செடிகள் மூன்று துணைக்குடும்பங்களுக்குப் போனது எவ்வளவு பெரிய மாற்றம் என்பதை நினைத்துப் பாருங்கள். கைக்கண்ணாடியோடு பூக்காம்பைப் பார்த்து 1901இல் கோவில் கண்டது, நூறாண்டுக்குப் பின் மரபணு வரிசையிலும் தெரிந்தது.

இனி, பெயர்களின் கணக்கு. விதிப்படி ஒரு பேரினத்தின் பெயர் அதன் மூல மாதிரிச் சிற்றினத்தோடு கட்டப்பட்டது. ஆண்ட்ரோமெடாவுக்கு அது போலிஃபோலியா. ஆகவே எத்தனை சிற்றினங்கள் பிரிந்து போனாலும் ஆண்ட்ரோமெடா என்ற பெயர் போலிஃபோலியாவை விட்டு நகராது. பிரிந்தவையே புதுப் பெயர் தேட வேண்டும். சிற்றினம் பேரினம் மாறும்போது அதன் இரண்டாம் பெயர் உடன் வருகிறது. அதனால்தான் ஹிப்னாய்டிஸ் என்ற பகுதி மூன்று பெயர்களிலும் மாறாமல் இருக்கிறது. ஆசிரியர் பெயர்களும் அந்த வரலாற்றைத் தாங்குகின்றன: முதலில் விவரித்தவர் அடைப்புக்குறிக்குள்ளும், இடம் மாற்றியவர் வெளியேயும் நிற்பார்கள். காசியோப்பே டெட்ராகோனா (லின்னேயஸ்) டான், ஹாரிமனெல்லா ஹிப்னாய்டிஸ் (லின்னேயஸ்) கோவில் என்று எழுதினால் அந்தச் செடியின் பெயர் வரலாறு முழுவதும் ஒரே வரியில் அடங்கிவிடுகிறது. காரங்காட்டு அலையாத்திக் காட்டில் நீங்கள் பார்த்திருக்கக்கூடிய அவிசென்னியா மரைனாவும் இப்படித்தான். அதை 1775இல் ஸ்கியூரா மரைனா என்று போர்ஸ்கால் விவரித்ததாக வெளியானது. பின்னர் வியர்ஹாப்பர் அவிசென்னியாவுக்கு மாற்றினார். எனவே போர்ஸ்கால் அடைப்புக்குறிக்குள் நிற்கிறார். அதே அவிசென்னியா வெர்பினேசி குடும்பத்திலிருந்து அகாந்தேசி குடும்பத்துக்கு மாற்றப்பட்டபோது அதன் பெயரில் ஓர் எழுத்தும் மாறவில்லை. குடும்பம் மாறினால் இருசொல் பெயருக்கு ஒன்றும் ஆகாது, பேரினம் மாறினால்தான் பெயர் மாறும். மாணவர்கள் மிகவும் குழம்பும் இடம் இது என்பதால் அழுத்திச் சொல்கிறேன்.

எது சரியான பெயர் என்று கேட்டீர்கள். ஹாரிமனெல்லாவைத் தனிப் பேரினமாக ஏற்பவருக்குச் சரியான பெயர் ஹாரிமனெல்லா ஹிப்னாய்டிஸ் மட்டுமே. அதைக் காசியோப்பேக்குள் அடக்குபவருக்குச் சரியான பெயர் காசியோப்பே ஹிப்னாய்டிஸ் மட்டுமே. இரண்டும் முறைப்படி வெளியான பெயர்கள். எதை ஏற்பது என்பதை விதிநூல் தீர்மானிக்காது. சான்றுகளை எடைபோட்டு நாம் தீர்மானிக்க வேண்டும். என் மதிப்பீட்டில் சான்றுகள் ஹாரிமனெல்லாவின் பக்கமே தெளிவாகச் சாய்ந்திருக்கின்றன. பூவின் இடமும் இலையமைவும் மரபணுவும் ஒரே திசையைக் காட்டும்போது, வெறும் சாயலுக்காக இரண்டையும் சேர்த்து வைப்பதில் பயனில்லை.

காசியோப்பே டெட்ராகோனாவைப் பற்றித் தனியே சிறிது சொல்ல விரும்புகிறேன். வடதுருவச் செடிகளில் அது எனக்கு மிகவும் நெருக்கமானது. இந்தியாவின் ஹிமாத்ரி ஆய்வு நிலையம் 2008இல் தொடங்கப்பட்ட, ஸ்வால்பார்டிலுள்ள நீ-ஆலசுண்ட் ஊர் 79 பாகை வட அகலாங்கில் இருக்கிறது. இராமேசுவரம் 79 பாகை கிழக்கு நெட்டாங்கில் இருப்பது தற்செயல் ஒற்றுமைதான், ஆனால் வரைபடத்தில் விரல் வைத்துத் தேட வசதியானது. அந்த ஊரைச் சுற்றிய சரிவுகளில் இந்தச் செடி பரவலாக வளர்கிறது. அதன் ஒவ்வொரு இலையின் வெளிப்புறத்திலும் ஆழமான ஒரு பள்ளம் நீளவாக்கில் ஓடும். இலைத்துளைகள் அதற்குள் காற்றுக்கு மறைந்திருக்கும். உலர்ந்த இலைகள் பல ஆண்டுகள் தண்டிலேயே ஒட்டியிருக்கும். ஒவ்வோர் ஆண்டும் முதலில் சிறிய இலை, பிறகு பெரியது, மீண்டும் சிறியது என்று அளவு ஏறி இறங்குவதால், தண்டை அளந்தே கடந்த கோடைகாலங்களில் வளர்ச்சி எப்படி இருந்தது என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். மரமே இல்லாத நிலத்தில் மரவளையம் செய்யும் வேலையை இந்தச் சாண் உயரச் செடி செய்கிறது. பிசின் மிகுந்து நன்றாக எரிவதால் இனுயிட் மக்கள் இதை விறகாகவும் பயன்படுத்தினார்கள். ஹாரிமனெல்லா ஹிப்னாய்டிசும் ஸ்வால்பார்டில் உண்டு. ஆனால் அது பனி நீண்ட நாள் தங்கும் பள்ளங்களை விரும்புகிறது. வாழ்நிலத்தைக் கவனித்தாலே இரண்டையும் பல நேரங்களில் பிரித்தறியலாம்.

காசியோப்பேயை ஆர்க்டிக் பேரினம் என்று சொல்வதிலும் ஒரு திருத்தம் தேவை. துருவத்தைச் சுற்றிப் பரந்து வாழ்வது டெட்ராகோனா. பெரும்பாலான சிற்றினங்கள் இமயமலையிலும் தென்மேற்குச் சீனத்திலும்தான் இருக்கின்றன. காசியோப்பே ஃபாஸ்டிஜியேட்டா காஷ்மீரிலிருந்து பூட்டான் வரை இமயத்தின் மேல்மட்டங்களில் வளர்கிறது. அதன் இலை விளிம்பில் வெள்ளி போன்ற மெல்லிய சவ்வு இருக்கும். செலாஜினாய்டிசை விவரித்தவர்கள் ஜோசப் ஹூக்கரும் தாம்சனும். வார்டியைத் திபெத்துப் பகுதிகளில் தாவரம் தேடிய கிங்டன்-வார்டின் நினைவாகப் பெயரிட்டார்கள். மொத்தச் சிற்றினங்கள் 12 என்று வட அமெரிக்கத் தாவர நூல் சொல்ல, சீனத் தாவர நூல் 17 என்கிறது. இமயத்துச் சிற்றினங்களைப் பிரிக்கும் கோடு ஆசிரியருக்கு ஆசிரியர் வேறுபடுவதே இதற்குக் காரணம். களப்பணிக்கு இன்னும் நிறைய இடமிருக்கும் பகுதி அது.

எரிக்கேசி குடும்பத்தின் செடி எதுவும் உங்கள் கரையின் மணலில் கிடைக்காது. ஆனால் கொடைக்கானலுக்குப் போக வாய்த்தால் சோலையோரங்களில் கால்தீரியா ஃப்ராக்ரன்டிசிமாவையும் காட்டுப் பூவரசு என்னும் ரோடோடெண்ட்ரானையும் பாருங்கள். முன்னதன் தொங்கும் குடப்பூ ஒன்றைக் கைக்கண்ணாடியின் கீழ்ப் பிளந்து, மகரந்தத்தாள்களை எண்ணி, மகரந்தப்பையின் நுனியில் உள்ள துளையையும் வாலையும், பூக்காம்பின் அடியில் உள்ள செதில்களையும் குறித்துக்கொண்டால், லின்னேயஸ் எதை எண்ணினார், டானும் கோவிலும் அதற்கு மேல் எதைப் பார்த்தார்கள் என்பது நேரடியாகப் புரியும். உங்கள் பதிவேட்டில் ஸ்வால்பார்டுச் செடியை எழுதும்போது ஹாரிமனெல்லா ஹிப்னாய்டிஸ் என்று ஆசிரியர் பெயர்களோடு எழுதி, காசியோப்பே ஹிப்னாய்டிசையும் ஆண்ட்ரோமெடா ஹிப்னாய்டிசையும் இணைப்பெயர்களாகக் கீழே குறித்து, 2002ஆம் ஆண்டின் எரிக்கேசி வகைப்பாட்டைப் பின்பற்றியிருக்கிறீர்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள். மூன்று நூல்களில் எதைக் கையில் வைத்திருப்பவரும் அதே செடியை உங்கள் பதிவேட்டில் கண்டுகொள்வார்.